டீபவுன்ஸ் = துள்ளல் வடிகட்டல்?

வணக்கம் எல்லாருக்கும்.

டீபவுன்ஸ், அதாவது பட்டனை ஒரு தடவை அமுக்கினா சிப் அதைப் பல தடவைன்னு எண்ணிடாம பாத்துக்கிறது, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசிட்டிருக்கோம். இதுவரைக்கும் வந்த மூணு சொல்லுமே, ‘அதிர்வு நீக்கம்’, ‘இரட்டை அழுத்த நீக்கம்’, ‘எதிர்த்துள்ளல்’, எனக்கு ஒட்டல. பசங்க மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் போட்டு ஓட்டுற குட்டிக் கணினி சிப்) வச்சு சின்னதா ஒரு கையடக்க விளையாட்டு செய்ய உக்காந்தா முதல்ல முட்டிக்கிற இடமே இதுதான், அதனால சொல் சரியா அமையணும்னு நினைக்கிறேன்.

சைமன் விளையாட்டையே எடுத்துக்குவோம். 1978ல மில்டன் பிராட்லி கொண்டுவந்தது, உள்ளே இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிஎம்எஸ்1000ங்கிற 4 பிட் சிப். இன்னிக்கு ஒரு ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலர், 4 பட்டன், 4 எல்இடி, ஒரு பஸ்ஸர் இருந்தா பிரெட்போர்டுலயே (பத்தவைக்காம ஒயரைச் செருகுற பலகை) செஞ்சிடலாம். விளக்கு எந்த வரிசையில எரியுதோ அதே வரிசையில நாம அமுக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். பட்டனோட ஒரு கால் கிரவுண்டுக்கு (0 வோல்ட்), இன்னொரு கால் சிப்போட பின்னுக்கு (pin), சிப்புக்குள்ளயே இருக்கிற புல்அப்பை (பின்னை 1 பக்கம் இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) ஆன் பண்ணிட்டா சும்மா இருக்கிறப்ப 1, அமுக்கினா 0.

ஆனா அந்த 0 நேரா வராது. உள்ளே இருக்கிற உலோகத் தகடு போய் இடிச்சதும் அப்படியே ஒட்டிக்கிறதில்ல, சில மில்லிசெகண்டு எகிறி எகிறித்தான் அடங்கும், பின்னுல 1 0 1 0 0 1 0ன்னு வரும், 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற சிப்புக்கு அது ரொம்ப நீண்ட நேரம், ஒவ்வொண்ணையும் தனி அமுக்கலா எண்ணிடும். வரிசை பச்சை, சிவப்பு. பிள்ளை பச்சையை ஒரு தடவைதான் அமுக்குது, சிப் பச்சை, பச்சைன்னு எடுத்துக்கிட்டு ஆட்டம் அவுட்டுன்னு பஸ்ஸரை அடிக்குது. வரிசையே பச்சை, பச்சையா இருந்தா இன்னும் மோசம், ஒரே அமுக்கல்ல ரெண்டும் சரின்னு போயிடும், பிழை இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

‘இரட்டை அழுத்த நீக்கம்’ வேணாம்னு நான் சொல்றது இதனாலதான். பச்சை, பச்சைன்னு வர்ற வரிசையில இரட்டை அழுத்தம் நமக்கு வேணும், அதை நீக்கிட்டா விளையாட்டே இல்ல. அதோட விரலை எடுக்கிறப்பவும் தகடு இப்படித்தான் துள்ளுது, அங்க அழுத்தமே கிடையாதே. ‘அதிர்வு’ ஏற்கெனவே வைப்ரேஷனுக்கும் அதிர்வெண்ணுக்கும் போயாச்சு, பஸ்ஸர் சத்தத்தோட அதிர்வெண்ணை இதே பாடத்துல அடுத்த பக்கத்துலயே சொல்லித்தரப் போறோம், ரெண்டும் குழம்பும். ‘எதிர்த்துள்ளல்’னு படிச்சா பந்து சுவத்துல பட்டுத் திரும்புறதுதான் மனசுல வருது.

‘துள்ளல்’ மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு, பவுன்ஸுக்கு அதையே வச்சுக்கலாம். டீபவுன்ஸுக்கு ‘நீக்கம்’ எதுலயும் வரக்கூடாதுங்கிறது என் கருத்து, ஏன்னா துள்ளலை யாருமே நீக்குறதில்ல. என்ன கோடு (code) எழுதினாலும் தகடு துள்ளத்தான் செய்யும். ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டா வோல்டேஜ் மெதுவா ஏறி இறங்குது, குட்டித் துள்ளல் உள்ளே போறதில்ல. கோடுல செஞ்சா பின் கடைசியா எப்ப மாறுச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் 20 மில்லிசெகண்டு மாறாம இருந்தா மட்டும் ஏத்துக்கிறோம். ரெண்டுலயும் நடக்கிறது வடிகட்டுறதுதான், டீத்தூள் வடிகட்டியிலயே நின்னுடும், டம்ளருக்கு வராது. ஃபில்டருக்கு வடிகட்டின்னு சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அதனால ‘துள்ளல் வடிகட்டல்’.

மத்ததும் இதுலேர்ந்தே வந்துடும் பாருங்க. டீபவுன்ஸ் டைம்னா வடிகட்டு நேரம். கோடுல எப்பவும் ரெண்டு மாறி (variable) வைப்போம், பின்னுலேர்ந்து அப்படியே படிச்சது ஒண்ணு, 20 மில்லிசெகண்டு தாண்டி நிலைச்சது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு ‘வடிகட்டிய நிலை’ சரியா உக்காருது. முதலாவதுக்கு ‘மூல நிலை’ன்னு போட்டுப் பாத்தேன், பசங்க ஒருத்தரும் அதைச் சொல்லல, ‘பின் நிலை’ன்னுதான் சொல்றாங்க, எனக்கும் அதுவே போதும்னு படுது. வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.