ஏற்காடு ஏரியைத் தாண்டி உள்ளூர்களுக்கு ஸ்கூட்டரில் போகலாமா?

அம்மாப்பேட்டைக்காரன்:
வணக்கம்ங்க. படகு, பகோடா பாயிண்ட் எல்லாம் வேண்டாம். சேர்வராயன் மலையில மலையாளிங்கிற பழங்குடி மக்களோட (கேரளக்காரங்க இல்ல) பழைய ஊர்களைப் பாக்கணும். 125 சிசி ஸ்கூட்டர், பின்னாடி வீட்டுக்காரம்மா. ஜனவரியில ரெண்டு நாள். எந்தப் பாதை, எதுல கவனமா இருக்கணும்?

கொண்டைஊசி:
அடிவாரம் வழியா ஏறுங்க, 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது கொட்டச்சேடு, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம்னு வந்துடலாம். கூட்டம் கம்மி, ஆனா ரோடு குறுகல்.

ஸ்கூட்டர்ல ஏறுறது பெரிசில்லைங்க, இறங்குறதுதான். வேகம் ரொம்பக் குறைஞ்சா கிளட்ச் விட்டுடும், எஞ்சின் பிடிமானம் போய் வண்டி சும்மா உருளும். பாரம் மொத்தமும் பிரேக் மேலதான். பிடிச்சபிடி இறங்குனா பிரேக் டிரம் சூடாகி, உள்ள உரசுற லைனிங் வழுக்கும், பிரேக் லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துடும். வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அமுக்கி, விட்டுடுங்க. கருகல் வாடை வந்தா ஓரங்கட்டி ஆற விடுங்க. தண்ணி ஊத்தவே கூடாது. பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சு இறங்குற ஆளுங்களைப் பாத்தாலே எரிச்சல் வருது.

காபிக்காடு:
ஜனவரி காபி பறிப்பு நேரம், எஸ்டேட் ஜீப் வளைவுல திடீர்னு வரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல உள்ரோட்டுல இருக்காதீங்க: பனிமூட்டம், கூடவே காட்டெருமை. குறுக்கே நின்னா ஹாரன் அடிக்காம தூரமா நில்லுங்க. ஒண்ணு கடந்ததும் கிளம்பிடாதீங்க, பின்னாடியே கூட்டம் வரும்.

நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கம் புல் கூரை வீட்டைத் தேடிப் போனா ஏமாந்துடுவீங்க, இப்ப ஓடும் கான்கிரீட்டும்தான். பழமை வேற இடத்துல இருக்கு. புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் இந்த மலையில கிடைச்சிருக்கு. அதையே சாமிக்கல்லா வெச்சுக் கும்பிடறதும் உண்டு. மரத்தடிக் கல்லைத் தொடாதீங்க. உச்சியில சேர்வராயன், காவேரியம்மன் குகைக்கோயில்; குனிஞ்சுதான் போகணும். காஞ்சியில இருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர்ல மூத்தவர் இங்கயும், மத்தவங்க கொல்லிமலை, பச்சைமலையிலயும் குடியேறினதா மலையாளிகள் சொல்லுவாங்க. பெரியவங்க யாராச்சும் திண்ணையில இருந்தா கேளுங்க. போட்டோ, கேட்டுட்டுத்தான்.

அம்மாப்பேட்டைக்காரன்:
நன்றிங்க. மழை வந்தா? பஸ்ஸுல போறது தேவலையா?

கொண்டைஊசி:
ஜனவரியில மழை அபூர்வம். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும்தான் பயம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மண் சரிஞ்சு மலைப்பாதையே நின்னுச்சு. உள்ளூர்களுக்குப் பஸ் குறைவுங்க. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல திரும்பி வர்ற கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுட்டு ஏறுங்க. வண்டின்னா டேங்க்கைச் சேலத்துலயே நிரப்பிக்கோங்க. மேல சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குறையும், பின்னாடி உக்கார்றவங்களுக்குத்தான் குளிர் அதிகம். ஸ்வெட்டர் அவங்களுக்கு மொதல்ல.