மாஸி 1035 டிராக்டர் முன் ஆக்ஸில்: ஓட்டையை போர் செய்து (கடைந்து பெரிதாக்கி) புஷ் போட வடசென்னையில் யார் இருக்கிறார்கள்?

வணக்கம். மாதவரத்திலிருந்து எழுதுகிறேன். சோழவரம் பக்கம் எங்கள் நிலத்தில் ஓடும் அப்பாவின் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டருக்கு முன் ஆக்ஸில் வேலை வந்துவிட்டது. ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே முன்சக்கரம் இரண்டும் உதறுகிறது.

நேற்று முன்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஆக்ஸிலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே ஆடுகிறது. ஆக்ஸிலை நடுவில் தாங்கும் சென்டர் பின்னைக் கழற்றினால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நகத்தால் தடவும்போது படி போலத் தட்டுப்படுகிறது. பின்னைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான புஷ் போனதோடு நிற்கவில்லை, ஆக்ஸிலின் ஓட்டையே முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. கிரீஸ் நிப்பிளில் சேறு காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. எத்தனை மாதமாக உள்ளே கிரீஸ் போகவில்லையோ! சேற்றுழவு ஓட்டும் வண்டியை இப்படி விட்டிருக்கக் கூடாது.

ஒரு மெக்கானிக், ஓட்டையில் வெல்டிங் வைத்து அடைத்துத் திரும்பத் துளை போடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சூட்டில் ஆக்ஸில் கோணினால் சக்கரத்தின் நேர்கோடு கெடும், டயர் சீக்கிரம் தேயும். ஓட்டையை வட்டமாக போர் செய்து, அந்த அளவுக்குத் தடித்த புஷ் கடைந்து இறுக்கமாக அடிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

செம்பியத்தில் மாஸி டிராக்டர் செய்யும் டாஃபே கம்பெனியின் ஆலை இருப்பதால், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இந்த வண்டி தெரிந்த பழைய கைகள் இருப்பார்கள். அப்படி லேத் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். புஷ்ஷுக்கு கன்மெட்டலா (வெண்கல வகை), இரும்பா? முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் புஷ்களையும் இப்போதே மாற்றிவிடலாமா? சம்பா உழவுக்குள் வண்டி இறங்க வேண்டும். இந்த வேலை செய்து பார்த்தவர்கள் கூலி எவ்வளவு ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.