கோட்லாந்து தொப்பி ஓடு: உள்ளே அடைத்த கல்லை எடுப்பது எப்படி?

ஸ்வீடனின் கோட்லாந்து தீவுச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த தொப்பி வடிவப் புதைபடிவ ஓடு ஒன்று என்னிடம் இருக்கிறது. பிலினாவா (நத்தை அல்லாத, ஒற்றை ஓடு கொண்ட பழங்கால மெல்லுடலி), இல்லை பிளாட்டிசெராஸ் என்ற நத்தையா என்று பிடிபடவில்லை.

சைலூரியன் காலம், 42 கோடி ஆண்டுக்கு மேல். நீளம் சுமார் 3 செ.மீ. முனை சுருளாமல் முன் விளிம்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பிலினா என்றால் உள்ளே தசைத் தழும்புகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும் (1952இல் கோஸ்டா ரிகா பக்கம் ஆழ்கடலில் உயிரோடு சிக்கிய அதன் உறவினமான நியோபிலினாவுக்கும் தசைகள் அப்படித்தான்). ஆனால் உள்பக்கம் முழுக்கக் கல்.

ஊசியால் சுரண்டினேன், விளிம்பில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தும் பலனில்லை. தயவுசெய்து வினிகர் என்று சொல்லாதீர்கள், கல்லும் ஓடும் ஒரே கால்சியம் கார்பனேட், இரண்டும் சேர்ந்தே கரையும்.

ஓடு சேதமாகாமல் இந்தக் கல்லை எடுக்க வேறு என்ன வழி?