பல வண்ண நூலில் சாக்ஸ்: முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம். எந்த டிசைன் எடுக்கலாம்?

பனிப்பூனை:
எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவில் ஒரு கைவினைச் சந்தையில், கையால் சாயம் போட்ட சாக்ஸ் நூல் ஒரு ஸ்கீன் (நூல் கட்டு) வாங்கினேன். 100 கிராம், 400 மீட்டர். 75% சூப்பர்வாஷ் (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய) மெரினோ கம்பளி, 25% நைலான். கருநீலம், ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறம். ஸ்கீனாகப் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. பின்னினால் பார்க்கச் சகிக்கவில்லை.

2.25 மி.மீ. ஊசியில் 64 ஸ்டிச் (பின்னல் கண்ணி) ஏற்றி, மேலே இழுபடும் ரிப் பட்டை, அப்புறம் வெறும் நிட் (சாதாரணப் பின்னல்)தான் போட்டேன். முன்பக்கம் நீலமும் பச்சையும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வருகின்றன. பின்பக்கம் அதே மாதிரி ஆரஞ்சும் மஞ்சளும். இரண்டு வேறு சாக்ஸை நீளவாக்கில் வெட்டி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. குதிகாலைத் திருப்பியதும் ஸ்டிச் கூடுகிற முக்கோணப் பகுதியில் மட்டும் நிறங்கள் அழகாகக் கலந்து வந்தன. 64-க்குத் திரும்பியதும் பழையபடி ஆகிவிட்டது.

இதற்கு முன் இலை மாதிரி ஒரு லேஸ் டிசைனும் போட்டுப் பார்த்தேன். ஓட்டை எது, நிறம் எது என்றே தெரியவில்லை, பிரித்துவிட்டேன். இருப்பது ஒரே ஸ்கீன். இந்த நூலுக்கு என்ன டிசைன் பொருந்தும்?

குன்னூர்க்காரி:
லேஸ், கேபிள் (கயிறு முறுக்கிய மாதிரி டிசைன்) இரண்டையும் மறந்துவிடுங்கள். அவை தெரிய வேண்டுமானால் ஒற்றை நிற நூல் வேண்டும். இந்த மாதிரி நூலுக்கு ஜிக்ஜாக் நல்லது. மேக்நிட்ஸ் இணைய இதழில் 2005-இல் வந்த ஜேவாக்கர் என்ற சாக்ஸ் டிசைன் இலவசம்தான், தேடிப் பாருங்கள். கோடுகள் மேலும் கீழுமாக வளைவதால் நிறம் நேர்கோட்டில் நிற்காது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பின்னல் அதிகம் இழுபடாது. குதிகால் பெரிதாக இருப்பவர்கள் அதைக் காலில் ஏற்றவே திண்டாடுவார்கள்.

லண்டன் மாமி:
எதற்கு இவ்வளவு பாடு? சாம்பல் நிறத்தில் ஒரு நூல் வாங்கி, ஒரு சுற்று சாம்பல், ஒரு சுற்று இது என்று போடு கண்ணா. எவ்வளவு கத்துகிற நிறமும் அடங்கிவிடும்.

ஊசிமுனை:
மாமி சொல்வது கேட்க எளிது, ஆனால் இங்கே அது முழுசாக உதவாது. காரணம் சொல்கிறேன்.

பனிப்பூனை, விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ஸ்டிச் எண்ணிக்கை மாறிய இடத்தில் நிறம் கலைகிறது, 64-க்கு வந்ததும் தேங்குகிறது. அப்படியென்றால் டிசைனைவிட எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையால் சாயம் போடுகிறவர்கள் நூலைப் பெரிய வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தின் மேல்தான் நிறம் வைப்பார்கள். வளையம் ஒரு முறை முடிந்தால் நிற வரிசையும் முடிந்து, மறுபடி முதல் நிறத்தில் தொடங்கும். உங்கள் சாக்ஸில் ஒரு சுற்றில் நீலம், ஆரஞ்சு. அடுத்த சுற்றில் பச்சை, மஞ்சள். அதாவது இரண்டு சுற்றுக்குச் செலவாகும் நூலும் வளையத்தின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் ஒவ்வொரு நிறமும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது.

ஒரு சுற்று பின்னி, இரண்டு முனையிலும் வேறு நிற நூலால் அடையாளம் கட்டி, பிரித்து அளந்து பாருங்கள். நூலில் நீலம் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த நீலம் தொடங்கும் இடம் வரைக்கும் அளந்து சொல்லுங்கள்.

பனிப்பூனை:
அளந்தேன் அக்கா. ஒரு சுற்றுக்கு 75 செ.மீ., நீலத்திலிருந்து நீலம் 150 செ.மீ. அப்படியே பொருந்துகிறதே!

ஊசிமுனை:
அதுதான். மாமி சொன்னபடி நடுவில் சாம்பல் வந்தாலும், இந்த நூல் அதன் சுற்று ஒன்றுக்கு அதே 75 செ.மீ.தான் போகும். நிறம் மட்டுப்படும், ஆனால் நீலம் முன்னாலும் ஆரஞ்சு பின்னாலும்தான் நிற்கும்.

எளிய வழி 60 ஸ்டிச். ஒரு சுற்றுக்கு சுமார் 70 செ.மீ. ஆகும். இரண்டு சுற்றுக்கு 10 செ.மீ. விலகி, நிறம் காலைச் சுற்றி ஏறும். அந்தச் சுழல் சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.

நான் ஸ்லிப் ஸ்டிச்தான் (பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றுவது) போடுவேன், 64-லேயே போடலாம்:

சுற்று 1: எல்லாம் நிட்
சுற்று 2: 3 நிட், 1 ஸ்லிப், இப்படியே கடைசி வரை
சுற்று 3: எல்லாம் நிட்
சுற்று 4: 1 நிட், 1 ஸ்லிப், 2 நிட், இப்படியே கடைசி வரை

ஸ்லிப் செய்யும்போது பர்ல் (நிட்டுக்கு எதிர்ப்பின்னல்) போடுவது போல ஊசியை நுழையுங்கள், நூல் துணிக்குப் பின்னால் இருக்கட்டும். இதில் இரண்டு வேலை நடக்கும். ஸ்லிப் ஆன ஸ்டிச் கீழ்ச் சுற்றின் நிறத்தை மேலே இழுத்துக்கொண்டு வரும், அதனால் நீலத்துக்கு நடுவில் பச்சைப் புள்ளி விழும். அதோடு அந்த 16 ஸ்டிச்சுக்கு நூல் குறைவாகப் போகும். இரண்டு சுற்றுக்கு 150 என்பது 135 போல இறங்கும். கணக்கு உடைந்துவிடும்.

பனிப்பூனை:
பாதத்துக்கு அடியிலும் இதையே போடணுமா? பூட்ஸுக்குள் உறுத்துமோ என்று பயம்.

ஊசிமுனை:
அடிப்பாதம் வெறும் நிட் போதும். ஸ்லிப் பாதியாகக் குறைவதால் விலகலும் பாதியாகும், ஏழெட்டு செ.மீ. வரும். நிறம் மெதுவாகச் சாய்ந்து ஏறும், பழைய மாதிரி தேங்காது. இன்னொன்று: ஸ்லிப் பின்னல் கொஞ்சம் இறுகும். கணுக்கால் பிடிப்பது போலத் தெரிந்தால் குதிகாலுக்கு மேலுள்ள கால் பகுதிக்கு மட்டும் 2.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள்.

குன்னூர்க்காரி:
இரண்டாவது சாக்ஸ் முதலாவதைப் போலவே வர வேண்டுமென்றால் அதே நிறத்தில், அதே இடத்தில் தொடங்குங்கள். அப்படிச் செய்தாலும் கை இறுக்கம் கொஞ்சம் மாறினால் வேறு மாதிரிதான் போகும். நான் இப்போதெல்லாம் ஜோடி பொருந்துகிறதா என்று பார்ப்பதே இல்லை.

பனிப்பூனை:
கால் பகுதி முடிந்து குதிகாலுக்கு வந்துவிட்டேன். நான்கு நிறமும் எல்லாப் பக்கமும் சிதறி வருகின்றன, ஸ்கீனில் பார்த்த அழகு திரும்பிவிட்டது! ஊசிமுனை அக்காவுக்கு ரொம்ப நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம்: பின்னும்போது விரலில் நீலம் ஒட்டுகிறது. வினிகரில் ஊறவைக்கலாமா?

ஊசிமுனை:
பச்சைத் தண்ணீரில் வினிகர் விட்டு ஊறவைப்பதால் பெரிய பயன் இல்லை. கம்பளிச் சாயம் பிடிக்க அமிலத்தோடு சூடும் வேண்டும். பின்னி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள், முக்கியமாக வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

லண்டன் மாமி:
சாம்பல் நூல் வாங்கியிருந்தால் எனக்கு அனுப்பிவிடு.