வண்டி அணைந்தது, முகம் காந்தியது: பறக்கும் தட்டுக் கதைகளில் எவ்வளவு நம்பலாம்?

புதுவயல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமா ஒருத்தர் செட்டிநாடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம், அந்தப் பழைய விமான ஓடுதளம் கிடக்கிற பொட்டல் வழியாக ராத்திரி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்திருக்கிறார். சீமைக்கருவைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றதாம், அதைப் பார்த்துக்கொண்டே வரும்போது இன்ஜினும் ஹெட்லைட்டும் ஒன்றாகப் பட்டென்று அணைந்துவிட்டதாம். வெளிச்சம் மறைந்த பிறகு ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. மறுநாள் கண்ணில் எரிச்சல், ஒரு பக்கக் கன்னத்தில் காந்தல். ஆயா கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லி திருநீறு போட்டு முடித்துவிட்டார்கள். நான் நெட்டில் தேடினால் அமெரிக்காவிலும் இதே கதை: வண்டி நிற்கிறது, உடம்பு சுடுகிறது. மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை, குடிப்பழக்கமும் கிடையாது. இதில் எவ்வளவு உண்மை இருக்க முடியும்? கிண்டல் பண்ணாமல் சொல்லுங்கள்.

டீசல்மண்டை:
தம்பி, கிண்டல் இல்லை, பட்டறைக்காரனாகச் சொல்கிறேன். மாமாவின் எக்ஸ்எல் பழைய மாடலா? அதில் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது, இன்ஜின் சுற்றும்போது மேக்னட் காயிலில் இருந்து வருகிற கரண்டில்தான் எரியும். இன்ஜின் நின்றால் லைட்டும் கூடவே போகும், அதற்குத் தட்டு எதுவும் வர வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டால் ஐட்லிங் சரியில்லாத வண்டி அப்படியே அணைந்துவிடும். ப்ளக்கில் கார்பன் அடைத்திருந்தாலும் அதே கதை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும்.

ஆனால் கார் என்றால் விஷயம் வேறு. காரில் இன்ஜின் நின்றாலும் பேட்டரியில் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து போனது என்று ஒருத்தர் சொன்னால் பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கலாம், இல்லை எதிர் வெளிச்சம் கண்ணைக் கூசியதில் தன் லைட் எரிவதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். இன்னொன்று, பழைய டீசல் ஜீப்பில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும், ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றினாலும் அது பாட்டுக்கு ஓடும். மின்சாரத்தையோ காந்தத்தையோ வைத்து அதை நிறுத்த முடியாது. இப்போது வருகிற காமன் ரெயில் டீசல் வண்டிகள் கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடாது, அது தனி. ஆக யாராவது இந்த மாதிரி கதை சொன்னால் நான் முதலில் கேட்பது என்ன வண்டி, என்ன மாடல் என்பதுதான்.

வானம்பார்த்தான்:
தம்பி நெட்டில் பார்த்தது அனேகமாக லெவல்லாண்ட் சம்பவமாக இருக்கும். டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். 1957 நவம்பர் 2 ராத்திரி முதலில் ஒரு டிரக் டிரைவர் போலீசுக்குப் போன் பண்ணுகிறார்: பிரகாசமான ஒரு பொருள் தலைக்கு மேலே போனது, டிரக்கின் லைட்டும் இன்ஜினும் அணைந்தன என்று. அதற்கப்புறம் சில மணி நேரத்துக்குள் ஊரைச் சுற்றி வெவ்வேறு சாலைகளில் இருந்து அதே கதை, முட்டை வடிவம், ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, அது கிளம்பியதும் வண்டி தானாகச் சரியானது. கடைசியில் ஷெரிஃபே (அந்தப் பகுதிப் போலீஸ் தலைவர்) தேடிப் போய் தூரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். அமெரிக்க விமானப்படை ஒரே ஒரு ஆளை அனுப்பி விசாரித்துவிட்டு, பந்து மின்னல் (உருண்டையாக மிதக்கிற மின்னல்), ஈரத்தில் வயரிங் நனைந்திருக்கும் என்று ஃபைலை மூடியது. விமானப்படைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் அப்போது அதற்குத் தலையாட்டினார், பின்னாளில் அங்கே மின்னல் புயலே இல்லையே என்று அவரே மாற்றிச் சொன்னார். ஒன்றை மறக்கக் கூடாது, அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சோவியத் ரஷ்யாவின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் போயிருந்தது, லைக்கா நாயோடு ஸ்புட்னிக்-2 போனதும் லெவல்லாண்ட் நடந்த அதே நேரத்தில்தான். அமெரிக்கா முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த காலம்.

இப்படி வண்டி பாதித்த புகார்களை மட்டும் மார்க் ராட்கியர் என்பவர் 1981-ல் தொகுத்தார், 441 வந்தது. இன்னொரு பக்கம், கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமையில் நடந்த பறக்கும் தட்டு ஆய்வு (1969-ல் அறிக்கை வந்தது) இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தது. கார் பாடியின் இரும்புத் தகட்டில் தயாரிக்கும்போதே ஒரு காந்தப் பதிவு விழுந்திருக்கும். இன்ஜினை நிறுத்துகிற அளவு பலமான காந்தம் பக்கத்தில் வந்திருந்தால் அந்தப் பதிவு கலைந்திருக்க வேண்டும். புகார் வந்த காரையும் அதே மாடல் வேறு காரையும் அளந்து பார்த்தார்கள், கலையவில்லை.

பள்ளத்தூரான்:
டீசல்மண்டை சொன்னது எக்ஸ்எல்லுக்குச் சரி. 1957 காருக்கு அது பத்தாது அண்ணே. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத அத்தனை டிரைவருக்கும் ஒரே ராத்திரியில் பேட்டரி டெர்மினல் லூஸாகுமா? எனக்கு வேற்றுக்கிரகவாசி மேல் நம்பிக்கை கிடையாது, ஆனால் பதில் தெரியாத இடத்தில் எதையாவது சொல்லி மூடுவதும் பிடிக்காது.

வால் ஜான்சன் கேஸைப் பாருங்கள். மினசோட்டாவில் டெபுடி ஷெரிஃப், 1979 ஆகஸ்ட் 27 அதிகாலையில் ரோட்டில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அதை நோக்கிப் போனவர் மயங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் ஒரு ஹெட்லைட் உடைந்திருக்கிறது, முன் கண்ணாடி விரிசல், ஆன்டெனாக்கள் வளைந்து கிடக்கின்றன. கார் கடிகாரமும் கைக்கடிகாரமும் ஒரே அளவாக 14 நிமிடம் பின்தங்கியிருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு கண்ணில் வெல்டிங் வெளிச்சம் பட்டது போன்ற பாதிப்பு என்றார். அவரே காரை இடித்துவிட்டு கடிகாரத்தைத் திருப்பிவைத்தார் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. கார் இன்றைக்கும் வாரன் என்ற ஊர் மியூசியத்தில் நிற்கிறது.

தேவகோட்டை அக்கா:
நான் நர்ஸ் வேலை பார்த்தவள், உடம்பு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். தம்பி, மாமாவின் காந்தல் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் என்றால் எனக்கு முதலில் பூச்சிதான் ஞாபகம் வருகிறது. மழைக்கு அப்புறம் லைட்டைத் தேடி வரும், எறும்பை விடக் கொஞ்சம் நீளம், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். வண்டியில் போகும்போது முகத்தில் ஒட்டியதைக் கையால் தேய்த்துவிட்டால் அதன் நீர் பட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் கோடு போட்டது போல் சிவந்து, சில பேருக்குக் கொப்புளமே வரும். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும். கோடாக இருந்ததா, பரவலாக இருந்ததா என்று மாமாவிடம் கேளுங்கள்.

நிஜமாகவே பலமான புற ஊதா வெளிச்சம் பட்டிருந்தால் இரண்டு கண்ணும் சில மணி நேரம் கழித்து மண் விழுந்தது போல் உறுத்தும், தண்ணீர் கொட்டும், ஓரிரு நாளில் அடங்கும். பட்டறையில் வெல்டர்கள் அதற்கு மரத்துப்போகிற சொட்டு மருந்தை வாங்கித் தாங்களாகவே விட்டுக்கொள்வார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், கருவிழியையே கெடுத்துவிடும்.

உடம்பு பாதித்த கேஸ்களில் நான் படித்ததிலேயே மனசைப் பிசைந்தது கேஷ், லேண்ட்ரம் என்கிற இரண்டு பெண்களின் கதை. டெக்சாஸ், 1980 டிசம்பர் 29 ராத்திரி, கூட ஏழு வயசுப் பேரன். ரோட்டுக்கு மேலே வைர வடிவத்தில் நெருப்பு கக்கிக்கொண்டு ஒன்று நின்றது, பின்னாலேயே 23 ஹெலிகாப்டர் வந்தது என்றார்கள். காரே கை வைக்க முடியாத அளவு சுட்டதாம். அப்புறம் மூன்று பேருக்கும் வாந்தி, கண் எரிச்சல், பெட்டி கேஷுக்குக் கொப்புளம், முடி கொட்டி ஆஸ்பத்திரிவாசம். அரசாங்கத்தின் மேல் 2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், அப்படி ஒரு பொருள் அரசாங்கத்திடம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 1986-ல் தள்ளுபடி ஆகிவிட்டது. பலர் கதிரியக்கம் என்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகம். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கிற அளவு கதிர் உடம்பில் பாய்ந்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம், பெட்டி கேஷ் 1998 வரை இருந்தார். ஏதாவது ரசாயனமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த அம்மா பட்ட கஷ்டம் பொய் இல்லை, அதை வைத்துச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

புதுவயல்காரன்:
நன்றி அக்கா. மாமாவிடம் போனில் கேட்டுவிட்டேன். கோடாகத்தான் இருந்ததாம், காதுப் பக்கம் இருந்து தாடை வரைக்கும்! டீசல்மண்டை அண்ணே, வண்டி பழைய டூ ஸ்ட்ரோக்தான். ஆனால் அந்த வெளிச்சம் என்னவென்று மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வானம்பார்த்தான்:
அதற்கு நம் பக்கம் ஆள் நிறைய. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-ல் சுகோய் போர் விமானப் படைப்பிரிவு வந்துவிட்டது, ராத்திரிப் பயிற்சியில் ஃப்ளேர் (விமானத்தில் இருந்து விடுகிற எரியும் வெளிச்சக் குண்டு) விட்டால் ஆரஞ்சாக மிதக்கும். அசையாமல் நின்றது என்றால் அடிவானத்தில் இருக்கிற கிரகமாகவும் இருக்கலாம். லடாக் எல்லையில் 2012-ல் நம் ஜவான்களே மர்மப் பொருள் என்று ரிப்போர்ட் எழுதி, பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பார்த்துவிட்டு வெள்ளியும் வியாழனும் என்று சொன்னார்கள். மாமாவிடம் தேதி, நேரம், எந்தத் திசை மூன்றையும் கேட்டுப் போடுங்கள். கிரகமா இல்லையா என்பதையாவது உடனே பார்த்துவிடலாம்.

பள்ளத்தூரான்:
வைகாசியா மார்கழியா என்றாவது சொல்லப்பா முதலில். மார்கழி என்றால் கோயில் சீரியல் செட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.