கேசி ஜோன்ஸ் வீட்டுக்குப் போய் வந்தேன். ரயில்வே ஊர்களைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக, அதாவது எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவராக, இருந்தவர். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் ரயில் சம்பந்தப்பட்ட ஒன்றையாவது பார்க்காமல் நான் திரும்புவதில்லை. போன முறை அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் பக்கத்திலுள்ள ஜாக்சன் என்ற ஊருக்குப் போனேன். விபத்தில் இறந்து, பாட்டால் புகழ்பெற்ற ரயில் டிரைவர் கேசி ஜோன்ஸ் குடியிருந்த வீடு அங்கே மியூசியமாக இருக்கிறது.

சின்ன மரவீடு. மனைவி ஜேனி, மூன்று பிள்ளைகள். வெளியே நிற்கும் நீராவி எஞ்சின் அவர் ஓட்டிய 382-ஆம் எண் எஞ்சின் அல்ல, அதே மாதிரியான வேறொன்று.

1900 ஏப்ரல் 29 இரவு அவர் ஏறிய வண்டி மெம்பிஸை விட்டுக் கிளம்பும்போதே 95 நிமிடம் லேட். மிசிசிப்பி மாநிலத்துக் கேன்டன் வரை 188 மைல். ராத்திரி முழுக்க விரட்டி, ஏறக்குறைய டைமைப் பிடித்தே விட்டார். விடியற்காலை 3:52-க்கு வான் என்ற சின்ன ஸ்டேஷன். வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் சரக்கு வண்டிகள் இடம் போதாமல் நின்றன. ஒன்றில் பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸ் வேறு அறுந்துவிட, கடைசிப் பெட்டிகள் மெயின் லைனில் நீட்டிக்கொண்டிருந்தன. முதலில் பார்த்துக் கத்தியவர் ஃபயர்மேன் சிம் வெப். அவரைக் குதிக்கச் சொல்லிவிட்டு கேசி பிரேக்கோடு நின்றார். 75 மைல் வேகத்தில் வந்த வண்டி, மோதும்போது 35 அளவுக்கு இறங்கியிருந்ததாம். செத்தது அவர் ஒருவர்தான். வயது 37. ரயில்வேயின் விசாரணை அறிக்கை, கொடிகாட்டியின் சிக்னலை அவர் கவனிக்கவில்லை என்று பழியை அவர் மேலேயே போட்டது. அப்படி இல்லை என்று சிம் வெப் கடைசி வரை சொன்னார்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. என்னை நிறுத்தியது பணக் கணக்கு. ஜேனிக்கு இன்சூரன்ஸாகக் கிடைத்தது 3,000 டாலர். அதுவும் ரயில்வே கொடுத்ததல்ல. கேசி டிரைவர்கள் சங்கம், ஃபயர்மேன்கள் சங்கம் இரண்டிலும் உறுப்பினர். ஆளுக்கு 1,500 டாலர் என்று அந்தச் சங்கங்களின் இன்சூரன்ஸ் வந்தது. ரயில்வே ஆட்களுக்கான அரசாங்கப் பென்ஷன் சட்டமெல்லாம் 1930-களில்தான் வந்தது. ஜேனி 1958 வரை உயிரோடு இருந்தார்.

ஃபயர்மேன் சங்கத்தின் ஊர்க்கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். நமக்கு லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடம். அங்கே அது சந்தா கட்டிக் கூடும் சபை. யாராவது படுத்துவிட்டால் போய்ப் பார்ப்பார்கள், செத்தால் முன்னே நின்று அடக்கம் செய்வார்கள். அப்பா ஷெட்டில் யாராவது இறந்துபோனால் சம்பள நாளில் வாசலில் துண்டை விரித்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டுதான் அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது.

—

மறுமொழி 1

அண்ணே, நான் பென்சில்வேனியாவில் ஆல்டூனா பக்கம் இருக்கிறேன். இங்கே பழைய கல்லறைகளில் மூன்று வளையம் கோத்த சங்கிலி செதுக்கியிருப்பதை அடிக்கடி பார்ப்பேன். ஆட்ஃபெல்லோஸ் என்ற லாட்ஜின் அடையாளம் அது. நட்பு, அன்பு, உண்மை என்று மூன்றுக்கும் பொருள். ஒரு கல்லில் சங்கிலிக்கு மேலே சின்ன எஞ்சினும் இருந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

ரயில்வே ஆட்கள் ஏன் இப்படி லாட்ஜில் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அப்புறம் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் பெட்டிகளைக் கோக்க, நடுவில் ஆள் நின்று இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து நேராக்கி, பெட்டிகள் முட்டுகிற நொடியில் ஆணியை இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் போகும், இல்லை உயிரே போகும். பிரேக் போட ஓடும் பெட்டிகளின் கூரைமேல், பனிக்கட்டி படிந்திருந்தாலும், நடந்துபோய்ச் சக்கரத்தைத் திருக வேண்டும். இப்படிப்பட்டவனுக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனி சுலபத்தில் பாலிசி கொடுக்கும்? தங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளிங்கும் ஏர் பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 1893-ல்தான்.

—

மறுமொழி 2

ஐயா, ஒன்று விட்டுப்போயிற்று. சிம் வெப் கறுப்பினத்தவர். நீங்கள் சொன்ன அந்த இரண்டு சங்கங்களும் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டன. அதே எஞ்சினில், அதே அனலில் கரி அள்ளிப் போட்டவர். அவர் குதிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சங்கங்களிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு டாலர் வந்திருக்காது. கேசியைப் பற்றி முதலில் பாட்டுக் கட்டிய வாலஸ் சாண்டர்ஸும் கறுப்பினத்தவர்தான், கேன்டனில் எஞ்சின் துடைக்கும் தொழிலாளி.

கேசிக்கு 1947-ல் கல்லறைக்கல் நட்டார்கள். ஜாக்சனில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். சிம் வெப் 1957 வரை இருந்தார். அவர் கல்லறைக்கு யாராவது போயிருக்கிறீர்களா?