மறு: மறு: ‘ரெய்டு ஃப்ரேம்’ – வெள்ளி இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

தண்டையார்பேட்டை தம்பி, புதன் இரவு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை வகுப்பில் பையன்களுக்கு லுவா என்ற நிரல்மொழி தொடங்குகிறேன். ‘ஹலோ வேர்ல்ட்’ காட்டினால் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டத்தில் ஹீலர்கள் (கூட ஆடுபவர்களின் உயிரைக் காப்பவர்கள்) போட்டுக்கொள்ளும், லுவாவில் எழுதிய நீட்சி (ஆட்-ஆன்) ஒன்றைப் பிரித்து மேய்வதாக ஏற்பாடு. (நீட்சியா, செருகுநிரலா, துணைநிரலா என்கிற சண்டையைப் போன வருஷமே பார்த்தாச்சு. நீட்சி என்றே எழுதிவிட்டேன். தயவுசெய்து விடுங்கள்.) நாலு பக்கக் கையேடு. வெள்ளி இரவு தங்கசாலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். ‘ரெய்டு ஃப்ரேம்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் மட்டும் இடிக்கிறது.

ஆடாதவர்களுக்காக: பத்துப் பேர், இருபது பேர், ஆரம்ப காலத்தில் நாற்பது பேர்கூடச் சேர்ந்து போய் ஒரு பூதத்தை அடிப்பதுதான் ரெய்டு. ஹீலர் பூதத்தை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. திரையில் ஆளுக்கொரு குட்டிப் பெட்டி, அதற்குள் உயிர்ப்பட்டை. எவன் பட்டை சரிகிறதோ அவன் பெட்டிமேல் சொடுக்க வேண்டும். ஹீல்பாட், வூடு போன்ற நீட்சிகளில் இடது சொடுக்குக்கு ஒரு மந்திரம், வலதுக்கு ஒன்று, ஷிஃப்டோடு சொடுக்கினால் இன்னொன்று என்று நம் கைவாகுக்கு வைத்துக்கொள்ளலாம். மாயம் பட்டால் நீலம், சாபம் ஊதா, நஞ்சு பச்சை, நோய் பழுப்பு என்று பெட்டியே நிறம் காட்டும். இந்தப் பெட்டிக் கூட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘படையெடுப்புச் சட்டகம்’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெரம்பூர் புலவர், வியாழன் காலை

தம்பி, ரெய்டுக்கு நம்மிடம் சொல் இல்லையா? பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவதுதானே வெட்சி! திணையே வகுத்து வைத்திருக்கிறார்கள். ‘வெட்சிச் சட்டகம்’ என்க. கோட்டைக்குள் புகுந்து அடிப்பதாயின் உழிஞை. பூதம் கோட்டையில் இருக்கிறதா, வெளியில் மேய்கிறதா என்று சொன்னால் முடிவு செய்துவிடலாம்.

காசிமேடு, வியாழன்

சார், வெட்சின்னா எங்க ஊட்டாண்ட இட்லிப்பூ. ரெய்டுன்னா போலீசு ரெய்டு. ரெண்டையும் சேர்த்து ‘இட்லிப்பூ சட்டகம்’னு படிச்சா பையன் இன்னான்னு நெனப்பான்? நான் பத்து வருசமா ஹீலருதான் ஆடிக்கினு இருக்கேன். நாங்க சொல்றது ‘பொட்டி’. “டேய், பொட்டிய பாருடா”ம்பான். அவ்ளோதான்.

பெரம்பூர் புலவர், வியாழன் மதியம்

இட்லிப்பூ வெட்சியேதான், அதைச் சூடிப் போனதால்தான் திணைக்கே அந்தப் பெயர். ஆனால் மறுபடி யோசித்ததில் என் கருத்தை நானே திருத்திக்கொள்கிறேன். ஹீலர் எதையும் கவரவில்லை, இருப்பதைக் காக்கிறார். அப்படியானால் அவர் ஆநிரையை மீட்டுக் காக்கும் கரந்தை மறவர். (தொல்காப்பியர் கரந்தையைத் தனித் திணையாக்கவில்லை, வெட்சிக்குள்ளேயே அடக்கினார் என்பது வேறு.) ‘நிரை’ என்பதற்கு மாட்டு மந்தை என்றும் பொருள், வரிசை என்றும் பொருள். பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் இருப்பவர்களைக் காக்க வேண்டும். ஆகவே ‘காப்புநிரை’. இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

வியாசர்பாடி கணக்கு டீச்சர், வியாழன் மாலை

ஐயா, ரசித்தேன். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நிரை என்றால் கிடைவரிசை, நிரல் என்றால் நெடுவரிசை. மாடு ஞாபகத்துக்கே வராது. கம்ப்யூட்டர் வகுப்பில் நிரல் என்றால் புரோகிராம், ஏற்கெனவே அந்தக் குழப்பம் வேறு. நிரையும் நிரலும் சேர்ந்தால் என்ன? அணி. நாற்பது பேரை ஐந்தைந்தாக நிறுத்தினால் எட்டுக் குழு, 8×5 அணி. கூட ஆடும் கூட்டமும் அணிதான். ‘அணிக்கட்டம்’ என்று வையுங்கள், ஒரு விளக்கமும் வேண்டாம்.

தண்டையார்பேட்டை தம்பி, வியாழன் இரவு

டீச்சர் சொன்னதற்கு ஒரு கூடுதல் பலம்: சண்டை ஓடும்போது பெட்டிகளை இடம் மாற்ற நீட்சிக்கு அனுமதி கிடையாது. முன்கூட்டியே அடுக்கிவைத்த மாதிரியேதான் நிற்கும். அணி என்றால் அது சரியாக வருகிறது.

காசிமேடு

அது 2006 டிசம்பர்ல வந்த பூட்டு தம்பி. அதுக்கு முன்னாடி டிகர்சிவ்னு ஒரு நீட்சி. ஒரே பட்டனை அமுக்கிக்கினே இருந்தா அதுவே ஆளைத் தேடிப் புடிச்சி சாபத்த எடுத்துடும். சோறு துன்னுகினே ஹீலர் ஆடலாமாம், சீனியருங்க சொல்லுவாங்க. அப்பால கம்பெனிக்காரன் உட்டானா? யாருக்கு, எந்த மந்திரம்னு நீதான் முடிவு பண்ணணும்னு பூட்டிட்டான்.

ராயபுரம் சிஸ்டர், வெள்ளி அதிகாலை

பிள்ளைகளே, நைட் டூட்டியில் முப்பது வருஷம் நான் பார்த்ததும் இதேதான். வார்டு கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டோம், கட்டில் முனையில் தொங்கும் சார்ட்டைத்தான் பார்ப்போம். எந்தக் கோடு இறங்குகிறது என்று கண் தானாகப் போகும். கட்டத்துக்கு எந்தப் பெயரும் எனக்குச் சம்மதம். ஆனால் கையேட்டு வரைவில் ஹீலரை ‘மருத்துவர்’ என்று எழுதியிருக்கிறாய் தம்பி. மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டுப் போய்விடுவார். 950-ஆம் குறளில் மருந்து என்பதை நாலாகப் பிரிக்கிறார்: நோயாளி, தீர்ப்பவன், மருந்து, நாலாவது ‘உழைச்செல்வான்’. பக்கத்திலேயே இருப்பவன். உன் ஹீலர் அவன்தான். செவிலி என்று போடு.

பெரம்பூர் புலவர்

சிஸ்டர் சொன்னது பொன். ஆயினும் செவிலி என்றால் அகத்திணையில் தலைவியை வளர்த்த தாய். ‘உழை’ என்பது ஏழனுருபாக வரும் இடச்சொல். அதிலிருந்து ‘உழையர்’ என்று ஒரு சொல் உண்டு, அருகிருந்து ஏவல் செய்வோர். இந்த ‘உழை’க்கும் ‘உழைப்பு’க்கும் தொடர்பு உண்டா என்று எனக்கு நெடுநாள் ஐயம். மானுக்கும் உழை என்று பெயர்…

வியாசர்பாடி கணக்கு டீச்சர்

ஐயா, மானை விடுங்கள். இன்று வெள்ளிக்கிழமை.

தண்டையார்பேட்டை தம்பி, வெள்ளி இரவு 9.40

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அணிக்கட்டம் நாலு பேர், காப்புநிரை ஒருவர், பொட்டி ஒருவர். அணிக்கட்டம் அச்சுக்குப் போகிறது. ஹீலர் ‘செவிலி’ ஆகிவிட்டார், புலவர் ஐயா மன்னிக்க. ஃப்ரேம் என்று தனியாக வரும் இடங்களில் ‘சட்டகம்’ என்றே விட்டுவிட்டேன், மாற்ற நேரம் இல்லை.

தண்டையார்பேட்டை தம்பி, ஞாயிறு

வகுப்பு நல்லபடியாக நடந்தது. பதினோரு பேர் வந்தார்கள். ஒருவன் ‘அணிக்கட்டம்’ என்று தலைப்பைத் தடங்கலில்லாமல் படித்தான். படித்துவிட்டு, “அண்ணா, அந்தப் பொட்டி கலரை எந்த வரில மாத்தணும்?” என்றான்.

காசிமேடு

😀

பெரம்பூர் புலவர், ஞாயிறு இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன்; ஏற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம். ‘அணி’யில் காக்கும் பொருளே இல்லை. அடுத்த அச்சில் அடிக்குறிப்பாகவாவது ‘காப்புநிரை’ இடம்பெற வேண்டும். ‘பொட்டி’ பற்றித் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேழையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.